மூன்று கும்பிடு

ஆனி 2, திங்கள்

காற்று மட்டும். மழை இல்லை. மேட்டூர் திறந்து நாலு நாள். நம் வாய்க்காலுக்கு வியாழக்கிழமை வருமாம்.

வாங்க வேண்டியது: சம்பங்கி மாலை, சுருட்டு ஒன்று, சூடம், வெற்றிலை. மூட்டுவலித் தைலம் (எனக்கு).

மதகுக் கல்லில் பெயர் வெட்டியிருக்கிற பட்டாளத்துத் துரைக்கு முதல் மாலை நம் வீடுதான். புதுத்தண்ணீர் வரும் அன்று மாலையும் சுருட்டும் வைத்து, மூன்று தடவை குனிந்து கும்பிட்ட பிறகுதான் மதகைத் தூக்குவார்கள். செல்வத்தின் அப்பா போனதிலிருந்து நான்தான் செய்கிறேன்.

மேலத்தெரு கோவிந்தராசு வழியில் மறித்தான். வருஷா வருஷம் இதே பேச்சு.

"அத்தாச்சி, ஒரு தடவ எங்களுக்கு விட்டுக்குடுங்களேன்."

"தொர தோளத் தொட்டு இந்த மரியாதயக் குடுத்தது எங்க வீட்டுக்கு. ஒங்க வீட்டுத் தோளு அப்ப எங்க போயிருந்துச்சு?"

முகம் சுருங்கிப் போய்விட்டான். இன்றைக்கு எனக்கு நல்ல தூக்கம் வரும்.

ஆனி 3, செவ்வாய்

வெயில். பால் திரிந்துவிட்டது.

பெரியசாமி வாத்தியார் வந்தார், மாயவரத்திலிருந்து. ஊர் வரலாறு எழுதுகிறாராம். பழைய சர்க்கார் காகிதத்தின் நகல் கையில். துரை கதையைப் படித்தார்.

பதினாறு வயசில் கப்பலேறி வந்தவன். மைசூர்ச் சண்டையில் குதிரைப்படை. சண்டை முடிந்ததும் கலெக்டர் வேலை கொடுத்து இங்கே அனுப்பினார்கள். நெல் தெரியாது, மண் தெரியாது. ஆளை வரிசையில் நிறுத்தத் தெரியும்.

நடவு நேரத்தில் கரை போட ஆள் கேட்டிருக்கிறான். "நடவு முடியட்டும்" என்றாராம் நம் வீட்டுப் பெரியவர். புளியமரத்தில் கட்டி இருபத்துநாலு அடி. அப்புறம் உத்தரவு: வருஷா வருஷம் தண்ணீர் வரும் நாளில், ஊர் பார்க்க, அந்த வீட்டு ஆள் மதகில் வந்து மூன்று தடவை குனிய வேண்டும்.

"அது மரியாத இல்லம்மா. தண்டன."

"நல்லாப் பாத்துப் படிங்க சார்."

மறுபடி படித்தார். அதேதான்.

காபி கொடுக்காமல் அனுப்பினேன். பாவம், அவர் என்ன செய்வார்.

ஆனி 4, புதன்

செல்வத்திடம் சொன்னேன்.

"வெளில சொல்லிடாதம்மா. மேலத்தெரு சிரிக்கும். நீ இத்தன வருஷம் சண்ட போட்டுக் காப்பாத்துனது."

அதுதான் எரிகிறது. சண்டை போட்டு வாங்கிக் குனிந்திருக்கிறேன். முட்டி வலியோடு. சுருட்டு வேறு!

அடி வாங்கியவர் பெயர் காகிதத்தில் இல்லை. நம் வீட்டிலும் யாருக்கும் தெரியாது. அடித்தவன் பெயர் மட்டும் கல்லில்.

நாளைக்குத் தட்டைக் கோவிந்தராசு கையில் கொடுக்கப் போகிறேன். ஆசைப்பட்டான் அல்லவா, குனியட்டும்.

ஆனி 5, வியாழன்

மூட்டம். பத்து மணிக்கு நுரையும் சருகுமாகத் தண்ணீர். ஊரே கரையில்.

தட்டை நீட்டினேன்.

"நெசமாவா அத்தாச்சி?" கண் கலங்கிவிட்டது அவனுக்கு. தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டான். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு.

முதல் கும்பிடு. குனிந்ததும் சட்டை மேலேறி முதுகு தெரிந்தது. கிழட்டு முதுகு. வயலில் காய்ந்தது. எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. இரண்டாவது தடவை குனிவதற்குள் தோளைப் பிடித்துத் தூக்கிவிட்டேன்.

"நிமிருங்க தம்பி!"

"என்ன அத்தாச்சி, குடுத்துட்டுப் பறிக்கிறீங்க?"

ஊர் முன்னால் சொன்னேன். புளியமரம், அடி, உத்தரவு, எல்லாம். ஒருவரும் சிரிக்கவில்லை. செல்வம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கோவிந்தராசு கல்லை முறைத்தான். "இன்னும் என்னடா வேடிக்க? மதகத் தூக்குங்க."

தூக்கினார்கள். தண்ணீர் அதுபாட்டுக்குப் போனது.

சுருட்டை அவனே பற்ற வைத்துக்கொண்டான்.