ஏரிக்கரையில் எனக்கொரு முறை

என் நைனாவுக்கு,

நீ இருந்தவரை உனக்கு நான் கடிதம் எழுதியதில்லை. எழுதியிருந்தால் நானேதான் படித்துக் காட்டியிருக்க வேண்டும். இப்போது நான் சொல்வது உனக்குக் கேட்கிறதா? அதில் எனக்கு நம்பிக்கை குறைவு என்று உனக்கே தெரியும். ஆனாலும் இந்தச் சேதியை உன்னை விட்டால் வேறு யாரிடம் சொல்வேன்?

நான் சாக்ஸபோன் கற்றுக்கொள்கிறேன். சிரிக்காதே. ஐம்பதை நெருங்கும் இயற்பியல் பேராசிரியைக்கு இது எதற்கு என்று கல்லூரியில் எல்லாரும் கேட்டாயிற்று. திருப்பாலைவனத்தில் ஒரு கல்யாணத்தில், சாக்ஸபோன்காரர் வாசித்து முடிக்கும்வரை பந்திக்கு வராமல் நின்றாயே, அதனால்தானா? அப்படிச் சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். உண்மை என்னவென்றால், எனக்கே ஆசை.

ஆரம்பத்தில் வந்த சத்தத்தை இசை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பொன்னேரியில் வகுப்பெடுக்கும் டீச்சர் என்னைவிட இளையவர். திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னார்: "கடிக்காதீங்க மேடம்." வாயில் வைக்கும் முனையில் ரீடு என்று ஒரு மெல்லிய நாணல் தகடு இருக்கிறது. அது அதிர்ந்தால்தான் சத்தம். நானோ பயத்தில் அதைத் தாடையால் இறுக்கிப் பிடித்தேன். பிறகு எப்படி அதிரும்? மூக்கால் அழுவது போல ஒரு சத்தம்தான் வந்தது. தாடையைத் தளர்த்த வேண்டும், தொண்டையைத் திறந்து வைக்க வேண்டும், வயிற்றிலிருந்து மூச்சைச் சீராக விட வேண்டும். ஒரே சுரத்தை மூச்சு தீரும்வரை ஆடாமல் பிடிப்பதுதான் மாதக்கணக்கில் என் பாடம்.

வீட்டில் ஊத முடியவில்லை, சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். அதனால் கல்லூரி விட்டு வந்ததும் ஏரிக்கரைக்குப் போனேன். அங்கேதான் வம்பு. எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்று ஊர் கூடி முறை பிரிக்கும் ஏரி இது. அடுத்தவர் முறையில் குறுக்கே படகைக்கூட விடமாட்டாய் நீ. நான் தண்ணீரில் இறங்கவில்லையே, எனக்கென்ன முறை என்று நினைத்துவிட்டேன். நான் நின்று ஊதிய இடத்துக்கு எதிரே வலை கட்டியவர்களுக்கு ஒரு நாள் இறால் கிடைக்கவில்லை. பழி என் சாக்ஸபோன் மேல் விழுந்தது.

ஊர்க்கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். காற்றில் கிளம்பும் சத்தம் தண்ணீருக்குள் அவ்வளவாக இறங்காது, மேலேயே திரும்பிவிடும் என்று வகுப்பில் சொல்வது போல நிதானமாக விளக்கினேன்.

"அது உனக்குத் தெரியும்மா. எறாவுக்குத் தெரியுமா?" என்றார் உன் கூட்டாளி தேசப்பன் மாமா. அவர்தான் இப்போது ஊர்ப் பெரியவர். கூட்டம் சிரித்தது.

வெளியே நின்ற மீன்கார கன்னியம்மா அக்கா விடவில்லை. "இன்னா மாமா நீ! முன்னாடி ஆட்டுக்குட்டிய மிதிச்ச மாரி கத்திக்கினு கெடந்துச்சி, அப்பல்லாம் எறா வந்துச்சே! இப்ப கொஞ்சம் காது குடுத்துக் கேக்கறா மாரி ஊதுது, இப்பவா ஓடிப்பூடும்?"

அக்கா எனக்காகப் பேசினாளா என்று இன்னும் எனக்கு நிச்சயமில்லை.

"பொன்னேரியிலயே ஊதிட்டு வா" என்று ஒருவர் முடித்துவைக்கப் பார்த்தார். வாரம் ஒரு வகுப்போடு நின்றால் எனக்கு நாதம் வரவே வராது, நைனா. தினமும் ஊத இடம் வேண்டும். எழுந்து நின்றேன். "எனக்கும் ஒரு முறை குடுங்க. இடத்தையும் நேரத்தையும் நீங்களே சொல்லுங்க. யார் குறுக்கயும் வரமாட்டேன்."

நம் ஊரில் பெண்ணுக்கு முறை கிடையாது. ஆண்பிள்ளை இல்லாததால் உன் முறை உன்னோடு போயிற்று. நீ போனபோது அதைக் கேட்டு நான் வாய் திறக்கவில்லை.

தேசப்பன் மாமா என்னையே பார்த்தார். "ஊதிக் காட்டு."

கையோடு கொண்டுபோயிருந்த சாக்ஸபோனை எடுத்தேன். பல் இறுகப் பார்த்தது, தாடையை விட்டேன். நடு ஸ்தாயியிலிருந்து ஒரு சுரம். பிசிறில்லாமல் எழுந்து, கனமாக, அகலமாக நின்றது. மூச்சு தீரும்வரை ஆடவில்லை. என் கருவியிலிருந்து அப்படி ஒரு நாதம் அதுவரை நான் கேட்டதில்லை.

"இது இன்னா பாட்டு?"

"பாட்டு இல்ல மாமா. ஒரே ஒரு சுரம்."

"இதுக்கேவா இத்தினி மாசம்?"

"ஆமா மாமா."

அவர் சிரிக்கவில்லை. "வலைய எடுத்த பின்னாடி, சாயங்காலம். படகு ரிப்பேர் பண்ற வடக்குக் கரை" என்றார்.

முறை பிரித்ததும் பெயர் வாசிப்பார்களே, வாசிக்க வாசிக்க ஒவ்வொருவரும் "இருக்கேன்" என்பீர்களே. அன்றும் வாசித்தார்கள். ஆண்களின் பெயர்கள் எல்லாம் முடிந்தன. பிறகு, "மங்கை!" உன் மகள் என்றுகூடச் சொல்லவில்லை, நைனா. என் பெயரை மட்டும் சொன்னார்கள். "இருக்கேன்" என்றேன். குரல் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

கீழ்ச்சுரங்கள் இன்னும் உடைகின்றன. தேறிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் முறை வாங்கியவர் கரைக்கு வராமல் இருந்தால் அது கைவிட்டுப் போகும் என்பது எனக்குத் தெரியும். மழையோ காற்றோ, என் முறையை நான் விடமாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் ஒரே மகள்,
மங்கை