பங்கிட முடியாத மாத்திரை

மொகோட்லோங், லெசோத்தோ
மே மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள லினேயோவின் அப்பாவுக்கு,

உங்கள் மனைவி மாலினேயோ எழுதிக்கொள்வது. நானும் லினேயோவும் நலம். உங்கள் அம்மாவுக்கு முழங்கால் வலி தவிர வேறு குறையில்லை. அந்த வலியும் தண்ணீர் எடுக்கப் போகச் சொன்னால்தான் வருகிறது. நீங்கள் எல்லைக்கு அப்பால் சுரங்கத்துக்குள் இறங்கும்போதும் ஏறும்போதும் நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

கையில் போன் இருக்க, இவள் ஏன் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டாள் என்று நினைப்பீர்கள். போனில் இந்தப் பேச்சை எடுத்தாலே உங்களுக்குச் சார்ஜ் தீர்ந்துவிடுகிறது. கடிதத்துக்குச் சார்ஜ் வேண்டாம். கோபம் வந்தால் மடித்துப் பையில் வையுங்கள், தணிந்ததும் எடுத்துப் படியுங்கள். விடுதி அறையில் ஆட்கள் இருந்தால் கழிப்பறையில் வைத்தாவது படியுங்கள். எனக்கு மரியாதைக் குறைவாகத் தோன்றாது.

இந்த வருடம் குளிர்காலம் பிறக்கும் முன்பே பனி முந்திக்கொண்டது. மக்காச்சோளத்தில் பாதியைத்தான் காப்பாற்ற முடிந்தது. சிவப்புப் பசு கன்று போட்டிருக்கிறது. காளைக் கன்று. லினேயோ அதற்கு உங்கள் பழைய சட்டையைப் போர்த்திவிட்டு, "அப்பா கன்னுக்குட்டி" என்று கூப்பிடுகிறாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். லீவில் வந்திருக்கும் மொலெஃபி வேலைக்குத் திரும்பும்போது கொண்டுவரும் பையில் உலர்ந்த பீச் பழம் இருக்கும், நான் பின்னிய கம்பளிக் குல்லாய் இருக்கும். மாத்திரை இருக்காது. பழத்தையெல்லாம் கட்டிலில் கொட்டித் தேடாதீர்கள். அடுத்த மாதமும் இருக்காது. இனி எந்த மாதமும் இருக்காது.

எழுந்து நடக்காதீர்கள், உட்கார்ந்து படியுங்கள்.

சென்ற புதன்கிழமை மருந்து வாங்க கிளினிக் போனேன். முன்பு எடுத்த ரத்தத்துக்கு விடை வந்திருந்தது. நர்ஸ் புலெங்கின் குரல் உங்களுக்குத் தெரியும், ஆற்றுக்கு அக்கரையில் மேய்க்கிறவனுக்கும் கேட்கும். அன்று அவள் கதவைச் சாத்திவிட்டு மெதுவாகப் பேசினாள். முன்பெல்லாம் என் ரத்தத்தில் எச்.ஐ.வி. கிருமியைத் தேடினால் மெஷினுக்கே அகப்படாது. இப்போது ஏறியிருக்கிறது, கொஞ்சநஞ்சமல்ல. "மாத்திரைய ஒழுங்கா சாப்பிடுறியா?" என்று கேட்டாள். சாப்பிடுகிறேன் என்றேன். "அப்ப உன் ரத்தம் பொய் சொல்லுதா?" என்றாள். சில நாள் மறந்துவிட்டேன் என்று மழுப்பினேன். "பிள்ளையோட தடுப்பூசித் தேதிய எனக்கே ஞாபகப்படுத்துறவ நீ. இந்தக் கதைய வேற எவகிட்டயாவது போய்ச் சொல்லு" என்றாள். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உங்கள் பெயரையும் சொன்னேன்.

நாம் இதை எப்படி ஆரம்பித்தோம் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே நடந்தேன். எனக்கு இந்தக் கிருமி இருக்கிறது என்று நான் சொன்ன அன்று நீங்கள் என்னை அடிக்கவில்லை, எங்கே வாங்கினாய் என்று கேட்கவில்லை, அம்மா வீட்டுக்கு அனுப்பவில்லை. அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். பிறகு அந்த ஈஸ்டருக்கு வந்தபோது சொன்னீர்கள்: "உனக்கு இருந்தா எனக்கும் இருக்கும். அதுக்கு ஒருத்தன் என் விரல்ல வேற குத்தணுமா? ஒரே தட்டுல சாப்பிடுறோம், இதையும் ஒரே புட்டியில சாப்பிட்டுட்டுப் போறோம்." என் ரத்தம் அப்போது அவ்வளவு சுத்தமாக இருந்ததால், மருந்துக்கு இரண்டு பேரைத் தாங்கும் பலம் இருக்கிறது என்று நாமே முடிவு செய்துகொண்டோம். ஒரு நாள் நான், ஒரு நாள் நீங்கள். துணியில் முடிந்து பீச் பழத்துக்குள் வைத்து அனுப்பும்போதெல்லாம் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. புருஷனுக்காக எவள் இவ்வளவு செய்வாள் என்று நினைத்துக்கொள்வேன்.

நர்ஸ் புலெங் திட்டவில்லை. நமக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். "மாட்டுத் திருடன் வந்தா மாட்டத் தொடுவான். இந்தக் கிருமிப் பய மாட்டத் தொட மாட்டான், காவக்காரனத்தான் பிடிப்பான். காவக்காரன் உடம்புக்குள்ளேயே படுத்துக்கிட்டு அங்கேயே பெருகுவான். காவல் இல்லாத பட்டிக்குள்ள அப்புறம் காசநோய், சீதபேதி, மூளைக் காய்ச்சல்னு யாரு வேணும்னாலும் வரலாம். மாத்திரை இவனக் கொல்லாது. எந்திரிக்க விடாம அமுக்கி வெக்கும், அவ்வளவுதான். ஒரு நாள் விட்டு ஒரு நாள் கைய எடுத்தா எந்திரிச்சு உக்காந்து மாத்திரையோட பழகிடுவான். அப்புறம் அதே மாத்திரைய மூட்டையாத் தின்னாலும் அவனுக்கு உறைக்காது. உன் உடம்புல ஒரு பள்ளிக்கூடம், உன் வீட்டுக்காரர் உடம்புல ஒரு பள்ளிக்கூடம். ரெண்டு பேருமாச் சேர்ந்து அவனப் படிக்க வெச்சிருக்கீங்க" என்றாள்.

இன்னொன்றும் கேட்டாள். "உன் வீட்டுக்காரருக்கு இருக்குன்னு யார் பார்த்தது?" யாரும் பார்க்கவில்லை. மனைவிக்கு இருந்தால் கணவனுக்கும் இருந்தே தீரும் என்று இல்லையாம், அவளிடம் வருகிறவர்களிலேயே ஒருவருக்கு இருந்து மற்றவருக்கு இல்லாத தம்பதிகள் இருக்கிறார்களாம். இருந்தாலும் இல்லாவிட்டாலும் ரத்தத்தைப் பார்த்தால்தான் தெரியும். நாம் இத்தனை நாளும் குருட்டாம்போக்கில் மருந்து தின்றிருக்கிறோம்.

உங்களிடம் போனில் சொல்லாமல் வைத்திருந்த ஒன்று இருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு வந்து போனீர்களே, அதன் பிறகு எனக்கு நாள் தள்ளிப்போயிற்று. இப்போது ஐந்தாம் மாதம். நீங்கள் நேரில் வரும்போது வயிற்றைக் காட்டி உங்களை வாயடைக்க வைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு மறைத்தேன். நீங்கள் வரவில்லை. ஓவர்டைம், ஓவர்டைம் என்கிறீர்கள்.

இந்தக் கிருமி பிள்ளைக்கு வயிற்றிலேயே போகலாம், பிறக்கும்போது போகலாம், பாலிலும் போகலாம். ஆனால் நான் தினமும் தவறாமல் மாத்திரை சாப்பிட்டு, பிரசவத்துக்குள் அதை அமுக்கிவிட்டால் பிள்ளைக்கு அநேகமாக ஒன்றும் ஆகாது என்று நர்ஸ் புலெங் சொல்கிறாள். லினேயோ அப்படித்தானே தப்பினாள்? பிறந்ததும் இந்தப் பிள்ளைக்கும் கொஞ்ச நாள் சொட்டு மருந்து கொடுப்பார்கள். ஆறு மாதம் என் பாலைத் தவிர தண்ணீரோ கஞ்சியோ கூடாது. உங்கள் அம்மா, "கஞ்சி குடிக்காம வளந்த பிள்ளை ஆம்பளையா ஆகுமா?" என்று இப்போதே ஆரம்பித்துவிட்டார், நானும் விடவில்லை. பிரசவத்துக்கு முன் மறுபடி ரத்தம் எடுப்பார்கள். அப்போதும் இறங்காவிட்டால் வேறு மருந்துக்கு மாற வேண்டும், மாறிக்கொண்டே போக இந்தக் கிளினிக்கில் அலமாரி நிறைய மருந்து இல்லை.

ஆகவே கணக்கு இவ்வளவுதான். புட்டி ஒன்று, அதற்கு மூன்று வாய். நீங்கள் உங்கள் காலால் நடந்து போய் வாங்கிக்கொள்ள முடியும். வயிற்றில் இருக்கும் பிள்ளையால் முடியாது.

நீங்கள் ஏன் சுரங்கத்து கிளினிக்குக்குப் போகமாட்டேன் என்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அந்த வரிசையில் நின்றால் எதற்கு நிற்கிறான் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும், சீக்காளி என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், மொலெஃபி பார்த்துவிட்டு ஊரெல்லாம் சொல்லிவிடுவான். இவைதானே? கிறிஸ்துமஸில் உங்கள் பெல்ட்டில் ஆணி வைத்துப் புதிதாக ஓட்டை போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். விடிந்தால் உங்கள் போர்வை வேர்வையில் நனைந்திருந்தது. இருமலுக்குச் சுரங்கத்துத் தூசி என்றீர்கள். வெறும் தூசி என்றால் என்னைப் பார்த்ததும் ஏன் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினீர்கள்? நர்ஸ் புலெங்கிடம் இதையும் சொன்னேன். சுரங்கத்து ஆட்களுக்குக் காசநோயும் இதுவும் கை கோத்துக்கொண்டு வரும், உடனே சளியைப் பார்க்கச் சொல் என்றாள். எனக்குப் பயமாக இருக்கிறது. உங்களிடம் கோபமாகப் பேசினால் பயம் தெரியாது என்று இவ்வளவு நேரம் கோபமாகவே எழுதிவிட்டேன்.

லினேயோ விளக்கை அணைக்கச் சொல்லி அழுகிறாள். இதோடு நிறுத்துகிறேன்.

செவ்வாய்க்கிழமை

இன்று மொலெஃபி பை வாங்க வந்தான். கடிதத்தை ஒட்டாமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று.

பையைக் கையில் தூக்கிப் பார்த்தான், கீழே வைத்தான், திரும்பத் தூக்கினான். "அண்ணி, இந்தத் தடவை ஒண்ணு குறையுதே?" என்றான். என்ன குறைகிறது, பழம் எப்போதும் போலத்தான் இருக்கிறது என்றேன். தலையைச் சொறிந்துகொண்டு, "பழத்தப் பத்தி எனக்கு நல்லாத் தெரியும். எல்லை தாண்டுறதுக்குள்ள ரெண்டு பழம் திருடித் தின்னுறது வழக்கம். அப்படித்தான் அந்தத் துணி முடிச்சப் பார்த்தேன்" என்றான். இந்நேரம் ஊரெல்லாம் தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். அவன் சட்டைப் பைக்குள் கைவிட்டு ஒரு சின்ன டப்பாவை எடுத்து என் முன்னால் வைத்தான். அதே மாத்திரை.

நாலு வருடமாகச் சாப்பிடுகிறானாம். அதே சுரங்கத்து கிளினிக்கில், ஒரு காசு கொடுக்காமல். எடை ஏறியிருக்கிறது, வேலையும் போகவில்லை. "அந்த வரிசையில நிக்கிறவங்க பாதிப் பேரு அண்ணனுக்குத் தெரிஞ்சவங்கதான். எங்க ஷிப்ட் மேஸ்திரியே எனக்கு முன்னாடி நிப்பாரு. தன்கிசோ அண்ணன் அந்தப் பக்கம் வந்தா மட்டும் நான் பல்லு டாக்டர் வரிசைக்கு மாறிக்குவேன். நாலு வருஷமா அவருகிட்டப் பல்லு வலின்னு சொல்லிக்கிட்டுத் திரியிறேன், அண்ணி" என்றான். நான் அழ ஆரம்பித்துச் சிரித்துவிட்டேன். ஆட்டு எலும்பையே கடித்து உடைக்கிறவனுக்கு எப்போதும் பல்வலி என்று நீங்கள் போனில் கேலி செய்வீர்களே. நீங்கள் அவனுக்குப் பயந்து ஒளிந்திருக்கிறீர்கள், அவன் உங்களுக்குப் பயந்து ஒளிந்திருக்கிறான். ஒரே ஊர்க்காரர்கள், ஒரே வேலை, ஒரே மாத்திரை.

தெரிந்திருந்தும் ஏன் அவரிடம் பேசவில்லை என்று கேட்டேன். அவன் டப்பாவை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான். "அவரு கிளினிக்குல வாங்கிப் பத்தாததுக்கு நீங்க அனுப்புறீங்கன்னு நெனச்சேன். அப்படி இல்லன்னு மனசுக்குள்ள தெரியும். கேட்டா என் கதையும் வெளிய வந்துருமேன்னு வாய மூடிக்கிட்டேன். இப்ப அவரு விடுதிப் படி ஏறும்போது மூணாவது படியிலேயே நின்னு மூச்சு வாங்குறாரு, அண்ணி. எம்பேரச் சொல்லியே எழுதுங்க" என்றான். அவன் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். படிகளைப் பற்றி நீங்கள் எனக்குச் சொல்லவே இல்லை.

திங்கட்கிழமை வேலை முடிந்ததும் மொலெஃபி கிளினிக் வாசலில் உங்களுக்காக நிற்பான், பல் டாக்டர் பக்கம் அல்ல. அவனோடு போங்கள். விரலில் ஒரு குத்து, அவ்வளவுதான். ஒரு நாள் விட்டு ஒரு நாள் என் மாத்திரையைச் சாப்பிட்டதை மறைக்காமல் சொல்லுங்கள், அது தெரிந்தால்தான் உங்களுக்குச் சரியான மருந்து எழுத முடியும். இருமலையும் சொல்லுங்கள், போர்வை நனைவதையும் சொல்லுங்கள். வெட்கமாக இருந்தால் என்னைக் குறை சொல்லுங்கள். மனைவி நச்சரிக்கிறாள், அதனால் வந்தேன் என்று சொல்லுங்கள், பொய்யாகவும் இருக்காது.

என் பங்கை நான் செய்கிறேன். புதன்கிழமையிலிருந்து ஒரு நாளும் விடவில்லை. முதல் நாள் உங்கள் முறை மாத்திரையை எடுத்து வாயில் போட்டபோது உங்கள் தட்டிலிருந்து திருடித் தின்றது போல இருந்தது. விழுங்கிவிட்டு, அடுப்பின் முன்னால் உட்கார்ந்து அழுதேன். மறுநாளும் விழுங்கினேன். இதை நீங்கள் மன்னிக்க வேண்டாம், புரிந்துகொண்டால் போதும்.

குளிர் ஏறுகிறது, குல்லாயைப் போட்டுக்கொள்ளுங்கள். இந்தப் பிள்ளைக்குப் பெயர் வைக்கும் உரிமை உங்கள் வீட்டாருக்குத்தான், அதில் நான் வாய் திறக்கமாட்டேன். ஆனால் வீட்டில் யாராவது இறந்து போன பிறகு பிறக்கிற பிள்ளைக்கு, போனவர் பெயரைத்தான் வைப்பார்கள் என்பது உங்களுக்கும் தெரியும். தன்கிசோ என்ற உங்கள் பெயர் எனக்கு மிகவும் பிடிக்கும். கல்யாணத்துக்கு முன்னால் யாரும் இல்லாத இடத்தில் அதைத் தனியாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அதை என் பிள்ளைக்கு வைத்துவிடாதீர்கள்.

உங்கள் வருகைக்குக் காத்திருக்கும் மனைவி,
மாலினேயோ