உன் பக்கத்து இடம்

வில்னியஸ், 24 ஆகஸ்ட் 1989

பிரியமானவளே,

இங்கிருந்து தாலின் வரை மூன்று நாட்டு மக்கள் விடுதலை கேட்டுக் கைகோத்த நேற்றைய மனிதச் சங்கிலியில், நாற்பத்திரண்டாம் கிலோமீட்டரில் உன் பக்கத்தில் வந்து நின்றால் வீடு திரும்புவதாகச் சொல்லியிருந்தாய். புறப்பட்டேன். பாதி வழியில் நெரிசலில் சிக்கிய பேருந்து அதற்குமேல் நகரவே இல்லை. "நின்ன எடத்துலயே கை கோத்துக்குங்க" என்றது ரேடியோ.

வயலோரம் முப்பது பேர் நின்றோம். இரு முனைகளுக்கும் அப்பால் மஞ்சள் வெயில் மட்டும். தரை மெல்ல மிதப்பதுபோல் இருந்தது.

பக்கத்தில் நின்ற ரொட்டிக்கடை டைவா முனகினாள். "வலிக்குதுங்க. யார் கைன்னு நெனச்சுப் புடிக்கிறீங்க?"

"பொண்டாட்டி கை. மூணு வருஷமாச்சு."

"சரி, புடிச்சுக்குங்க. நாளைக்கு மாவு பிசையணும், ஒடச்சிடாதீங்க."

சங்கிலி எங்குமே அறுபடவில்லை என்று இன்று செய்தியில் சொன்னார்கள். அப்படியானால் உன் கையை வேறு யாரோ பிடித்திருக்கிறார். யாரென்று கேட்கமாட்டேன். ஞாயிறன்று நடந்தே வருகிறேன், கதவைத் திறப்பாயா?

பாதி வழியில் நின்றவன்