ஏழு குண்டு பட்ட ஹீரோ

கிளியூர் மலையில இருக்கிற அம்மாவுக்கு, பானு வணக்கத்தோட எழுதறேன். நான் நல்லா இருக்கேனுங்க. உங்க மூட்டுவலி தேவலையா?

ஞாயித்துக்கிழமை மத்தியானம் திருப்பூர் மில் ஹாஸ்டல்ல எல்லாரும் பழைய படங்களைப் பத்திப் பேசிச் சிரிச்சோம். "மலைக்காரிக்குச் சினிமா என்ன தெரியும்?"னு என் ரூம்ல இருக்கிற ஹரிணி கேட்டா. உடனே எந்திரிச்சு, ஏழு குண்டு பட்டும் முழுப் பாட்டையும் பாடி முடிச்சுட்டுச் சாகிற ஹீரோவா நடிச்சேன். ரூமே உருண்டு சிரிச்சுது. சத்தம் கேட்டுத் திட்ட வந்த வார்டனக்கா, விளக்குமாத்தைத் துப்பாக்கியா நீட்டி, "வில்லன் இல்லாம எப்படிடி சாவே?"ன்னாங்க. இப்ப ஹரிணியே என்னை ஹீரோன்னுதான் கூப்பிடறா.

அடுத்த வாரமும் நடிக்கப் போறோம், எனக்கு அம்மா வேஷம். உங்க சேலை ஒண்ணு அனுப்புங்க. துவைக்காட்டியும் பரவால்லீங்க.

ஷிப்டுக்கு மணி அடிச்சிருச்சு.

உங்க பானு