பரண்மேல் இருந்த அடுப்பு

வடிவுக்கு,

உன் அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா? வேப்பம்பட்டில் தண்ணீர் நன்றாக வருகிறதாம், கோபி சொன்னான். அவனுக்குத்தான் சளி. வேறொன்றுமில்லை.

மேனாம்பேட்டில் நம் வரிசை வீடுகளை இடித்துவிட்டு, அதே இடத்தில் மாடி வீடுகள் கட்டப்போகிறார்கள். இங்கே இருக்கிற யாரும் வெளியே போய்விடக் கூடாதென்று தெருக்கூட்டத்தில் பேசி, ஓர் அடுப்புக்கு ஒரு வீடு என்று முடிவெடுத்தோம். "தனியா ஆக்கித் துன்னா தனிக் குடும்பந்தான?" என்றார் எத்திராஜ் அண்ணன். எல்லோரும் கை தூக்கினார்கள். நானும்தான்.

மறுநாளே தெருவெங்கும் அடுப்புகள் முளைத்துவிட்டன. ஒற்றுமையான குடும்பம் என்று பீற்றிக்கொள்வாளே தாயம்மாள், அவள் வீட்டில் மூன்று! ஆனால் கணக்கெடுக்கும் பெண் கெட்டிக்காரி. எரிகிற அடுப்பைத்தான் எழுதுவாள்.

கோபி பரணிலிருந்து உன் சீர் அடுப்பை இறக்கினான். கல்யாணத்திலிருந்து பெட்டிகூடப் பிரிக்காதது. "ஒரே ஊட்ல ரெண்டு அடுப்பு எரியக்கூடாதுன்னு சொல்லி வடிவ அவ அம்மா ஊட்டுக்குப் போவ வச்சது நீதானம்மா? இப்ப நீயே பத்த வச்சிக் காட்டு" என்றான்.

நான் பற்ற வைக்கவில்லை. "இப்போதிக்கு ஒண்ணுதாம்மா எரியுது. வெள்ளிக்கிழமை வந்து பாரு" என்று அந்தப் பெண்ணை அனுப்பிவிட்டேன். அன்றோடு கணக்கு முடிகிறது.

தனியாக ஆக்க நீ கேட்ட ஜன்னலோரத்தை ஒழித்து அங்கே உன் அடுப்பை வைத்திருக்கிறேன். பக்கத்தில் பால் பாத்திரமும் இருக்கிறது. புது அடுப்பில் முதல் பாலை அதற்கு உரியவள்தான் காய்ச்ச வேண்டும்.

பத்து மணி ரயிலில் கூட்டம் இருக்காது.

அத்தை