கிளட்சுக்கு எண்ணெய் தேய்த்த ஆயுத பூஜை

இன்று ஆயுத பூஜை. நம் பருத்திக் கடைத் தராசைத் துடைத்து நல்லெண்ணெய் பூசினேன். அந்த வாடை மூக்கில் ஏறியதும் சிரிப்பு வந்துவிட்டது. நீங்கள் கண்மூடிய பிறகு நான் இப்படிச் சிரித்ததில்லை.

பட்டாளத்தில் கழித்துவிட்ட மோட்டார் சைக்கிளை நீங்கள் வாங்கிவந்த வருஷம், பூஜைக்காகக் கிளட்சைக்கூட விடாமல் பிரித்துத் துடைத்தீர்கள். பூஜை என்றால் எண்ணெய் இல்லாமலா? ஆளுக்குப் பாதியாக எடுத்துக்கொண்டு கிளட்சுத் தட்டுகளுக்கெல்லாம் நல்லெண்ணெய் தேய்த்தோம். மறுநாள் உதைத்ததும் என்ஜின் உறுமியது, கியரும் விழுந்தது. வண்டி மட்டும் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.

ஸ்பிரிங்கை இறுக்கினீர்கள், கிளட்சுப் பிடியை அழுத்த முடியவில்லை. தளர்த்தினீர்கள், மறுபடி வழுக்கியது. உங்கள் அண்ணன் வாசலில் நின்றுகொண்டு, "ஏலே, வெள்ளிக்கிழமைக்குள்ள ஓடலன்னா பழைய இரும்புக்குப் போட்டுருவேன். பேசாம என் மாட்டு வண்டியிலயே பருத்தி ஏத்து" என்றார். திருவேங்கடம், பனவடலிசத்திரம் என்று ஊர் ஊராக நீங்களாகப் போய்த் தனியாக வியாபாரம் பண்ணும் ஆசை அதோடு முடிந்திருக்கும். காலமெல்லாம் அவர் சொல்லும் ஊருக்குத்தான் போயிருக்க வேண்டும். எனக்குப் பொறுக்கவில்லை.

திரும்பவும் பிரித்தபோது ஒரு தட்டு என் கையிலிருந்து நழுவி விழுந்தது. "இது கையிலயே நிக்க மாட்டேங்குதே, ஒண்ண ஒண்ணு எப்படிப் பிடிக்கும்?" என்றேன். நீங்கள் தலையில் அடித்துக்கொண்டீர்கள். தட்டுகள் உரசிப் பிடித்தால்தானே சக்கரம் சுற்றும்? நாம் அவற்றை எண்ணெயில் குளிப்பாட்டியிருந்தோம்! பெட்ரோலில் கழுவி, வெயிலில் காயவைத்து, வரிசை மாறாமல் அடுக்கி, ஸ்பிரிங்குகளை ஒரே சீராக இறுக்கினோம்.

வியாழக்கிழமை வண்டி ஓடியது. "ஏட்டி, ஏறு" என்றீர்கள். பின்னால் ஏறி உட்கார்ந்தேன். ரத வீதியில் உங்கள் அண்ணன் குறுக்கே வந்து நின்றார்.

"பொம்பளைய இறக்கி விடுலே. ஊரு சிரிக்கும்."

நீங்கள் என் பக்கம் திரும்பி, "இறங்குதியா?" என்று கேட்டீர்கள்.

"மாட்டேன்."

கிளட்சை விட்டீர்கள். அவர்தான் விலகினார்.

போன வாரம் அவர் கடைக்கே வந்துவிட்டார். புருஷன் இல்லாதவள் கடையில் உட்காரக் கூடாதாம், சாவியைக் கொடு என்றார். இந்த ஊரில் எல்லோரும் எனக்கு உத்தரவுதான் போடுகிறார்கள். நீங்கள் ஒருவர்தான் என் இஷ்டத்தைக் கேட்டீர்கள். அதை வைத்துக்கொண்டுதான் இன்னும் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறேன்.

"நாளைக்கும் நான்தான் கடை திறப்பேன், அத்தான். பருத்தி கொண்டுவந்தா வாங்க, எடை போடுதேன்" என்று உங்கள் அண்ணனிடம் அன்றே சொல்லிவிட்டேன்.