இஸ்திரி மேசையில் ஒரு மாத்திரை

என் அன்பு மகளுக்கு,

ஆண்டவருடைய கிருபையில் நானும் உன் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், அப்பாவின் இடது முழங்காலை மட்டும் இதில் சேர்க்காதே, அது யார் பேச்சையும் கேட்பதில்லை. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த மாதம் உங்கள் சபையில் உன்னைப் பத்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள், கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை, அம்மாவின் குரலில் இருக்கிற அதிகாரத்தில் பாதி இருந்தால் போதும் என்று எழுதியிருந்தாய். பாதி எதற்கு, முழுசாகவே எடுத்துக்கொண்டு போகச் சொல், வீடு அமைதியாகும் என்கிறார் அப்பா. போனில் சொன்னால் நடுவில் சிரித்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன். அந்த அதிகாரத்தை வைத்துக்கொண்டு உன் அம்மா செய்த காரியத்தைக் கேள்.

எங்கள் ஆஸ்பத்திரித் துணி அறையில் நான் கிழிந்த படுக்கை விரிப்புகளைத் தைக்கிறேன், எதிர் மேசையில் இஸ்திரி போடுகிறவளை உனக்குத் தெரியும், என்னை அக்கா அக்கா என்று சுற்றி வருவாளே அவள்தான். அவளுக்குச் சர்க்கரை வந்து நாலு வருடமாகிறது. ஒரு புதன்கிழமை பெண்கள் ஜெபக் கூட்டத்தில் அவள் அழுதாள், எனக்கு மனசு தாங்கவில்லை, எழுந்து போய்த் தலையில் கை வைத்து, இயேசுவின் நாமத்தில் சொல்லுகிறேன், இந்தச் சர்க்கரை இன்றோடு போயிற்று என்று கூரை அதிரச் சொல்லிவிட்டேன். எல்லோரும் ஆமென் என்றார்கள். நானும் பூரித்துப் போய் வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிட்டேன். அவள் மறுநாளே மாத்திரையை நிறுத்திவிட்டாள், அது எனக்குத் தெரியாது. பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடித்தாள், வெக்கை என்று நினைத்தேன். பதினோராம் நாள் தீய்ந்த வாடை வந்து நிமிர்ந்து பார்த்தால் இஸ்திரிப் பெட்டி விரிப்பின் மேலேயே நிற்கிறது, அவள் மேசையைப் பிடித்துக்கொண்டு கண் இருட்டுகிறது என்கிறாள். கீழே டாக்டரிடம் கொண்டு போனோம். மாத்திரை என்னம்மா ஆச்சு என்று அவர் கேட்க, அக்கா ஜெபிச்சாங்க, எனக்குப் போயிடுச்சு என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

அவர்கள் ஊசி போட்டுத் தேற்றி அனுப்பினார்கள். அதற்குப் பிறகும் அவள் மாத்திரையைத் தொடவில்லை. புருஷன் சொல்லிப் பார்த்தார், போதகர் சொல்லிப் பார்த்தார். அக்கா அந்த நாமத்துல சொன்ன பிறகு மாத்திரை போட்டா அது அவிசுவாசம் இல்லையா என்று அவர்களையே மடக்கினாளாம். போதகர் என்னைக் கூப்பிட்டு, நீங்க போட்ட முடிச்சு, நீங்கதான் அவுக்கணும்மா என்றார். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது, எனக்கு முதலில் வந்த கவலை அவளைப் பற்றியது அல்ல, தப்பு என்று ஒத்துக்கொண்டால் இனி என் ஜெபத்துக்கு யார் ஆமென் சொல்வார்கள் என்பதுதான். இரண்டு நாள் சாக்குச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மூன்றாம் நாள் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு வேலைக்கு வந்தாள். அதற்கு மேல் பொறுக்கவில்லை, புருஷன் அவள் பையில் போட்டு அனுப்பியிருந்த மாத்திரை டப்பாவை எடுத்துத் தண்ணீரோடு போய் மேசை மேல் வைத்தேன். சத்தமாகச் சொல்லத்தான் போனேன், குரலே எழும்பவில்லை. கர்த்தர் என்கிட்ட அப்படிச் சொல்லல தங்கச்சி, நீ நல்லா இருக்கணும்னு எனக்கு ஆசை, அந்த ஆசைய அவர் சொன்னதா சொல்லிட்டேன், மன்னிச்சுடு, இப்ப அதே நாமத்துல சொல்றேன், இதை முழுங்கு என்றேன். அவள் என்னையே பார்த்தாள், அழுதாள், முழுங்கினாள். பிறகு, இதை முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா என்று நன்றாகத் திட்டினாள். வாங்கிக்கொண்டேன்.

அந்தப் புதன்கிழமை எல்லோர் முன்னாலும் எழுந்து நடந்ததைச் சொன்னேன். எல்லோரும் மடியிலிருந்த வேதாகமத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். இனி அவ்வளவுதான் என்று உட்காரப் போனேன். இஸ்திரி மேசைக்காரி தன் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு, டப்பாவை என் கையில் வைத்து, ஜெபம் பண்ணுங்க அக்கா என்றாள். இந்த மாத்திரை இவளுக்கு நன்றாக வேலை செய்யட்டும் என்று மட்டும் சின்னக் குரலில் கேட்டேன். பின் வரிசையிலிருந்து ஒருத்தி, அக்கா கேக்கல என்றாள், இருபது வருடத்தில் என்னைப் பார்த்து இதை யாரும் சொன்னதில்லை. இவள் கண்ணைத் திறக்காமலே, எனக்குக் கேக்குது, நீங்க பண்ணுங்க என்றாள்.

இப்போது நன்றாக இருக்கிறாள், பழையபடி வம்பளக்கிறாள். ஆகவே குரல் இல்லையே என்று கலங்காதே கண்ணு. கர்த்தர் உனக்குச் செய்ததைச் சொல், தெரியாததைத் தெரியாது என்று சொல், சொல்லும்போது முன்னால் இருக்கிறவர்களின் முகத்தைப் பார். பத்து நிமிடத்துக்கு ஐந்து போதும்.

கர்த்தர் உன் வாயையும் வயிற்றுப் பிள்ளையையும் ஆசீர்வதிப்பாராக. இரும்புச்சத்து மாத்திரை குமட்டுகிறது என்று நீ விட்டுவிட்டதாக மாப்பிள்ளை சொன்னார். ஒழுங்காகப் போடு. இதை அந்த நாமத்தில்தான் சொல்லுகிறேன், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

தொண்டை சரியாக இருக்கிற,
உன் அம்மா